இன்னும் அஞ்சு கிடக்குதெல்லோ!

கொடிகாமத்திலிருந்து யாழ்ப்பாணம் போகும் பேருந்தில் ஒரு அம்மா என் பக்கத்தில் இருந்தார். சந்தைக்குக் கத்தரிக்காய் மூட்டை கொண்டுபோனவர். முன்பற்கள் மூன்று இல்லை. எதையும் சொல்லி முடிக்குமுன்பே தானே சிரித்துவிடுவார்.

தேவாலயத்தில் நடக்கும் நண்பனின் திருமணத்தில் வாசிப்பதற்காக, உறையில்லாத கிட்டாரை அணைத்தபடி நான் போய்க்கொண்டிருந்தேன். நெரிசலில் யாரோ சாய்ந்ததில் ஒரு கம்பி அறுந்தது. புதிது வாங்க நேரமில்லை. என் முகம் கறுத்துவிட்டது.

"எத்தினை கம்பி, தம்பி?" என்றார்.

"ஆறு, அம்மா."

"அப்ப இன்னும் அஞ்சு கிடக்குதெல்லோ! எனக்கும்தான் மூண்டு பல்லில்லை. அதுக்காக நான் கதைக்காமல் இருக்கிறனே? அறுந்த இடம் வரேக்கை நல்லாச் சிரியும். சனம் உம்மடை முகத்தைத்தான் பாக்கும். கம்பியை ஆர் எண்ணப்போறது?"

சிரித்தபடியே மூட்டையோடு இறங்கிப் போனார்.

தேவாலயத்தில் அறுந்த கம்பியின் இடம் வந்தபோதெல்லாம் சிரித்தேன். பாட்டு முழுக்க அந்த இடம் வந்துகொண்டேயிருந்தது.

முடிந்ததும் மாப்பிள்ளை என் கையைப் பிடித்தான். "மச்சான், நீ சிரிச்சுக்கொண்டு வாசிக்கிறதை இண்டைக்குத்தான்ரா பாத்தனான்."

இத்தனை வருடம் ஆறு கம்பியிலும் பிழையில்லாமல் வாசித்தும் எனக்கு அப்படி ஒருவரும் சொன்னதில்லை. அந்த அம்மாவிடம் இதைச் சொல்ல ஆசைதான். பெயரைக்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.