லைன் லீடரின் கால் நகங்கள்

சத்தியவேட்டுக்குப் பக்கத்தில் ஒரு செல்போன் கம்பெனியில் நான் வேலை பார்த்தபோது, எங்கள் லைன் லீடர் ஒரு பெண். சிரிக்காத நீள முகம். காலையில் கதவருகே நின்று, ஒவ்வொருத்தி விரலையும் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். நகத்தில் பாலிஷ் இருந்தால், உதிர்ந்து போனுக்குள் விழும் என்று உள்ளே விடமாட்டார்.

ஒருநாள் எங்கள் லைனில் இருந்த விஜயபுரத்துப் பெண் ஒருத்தியின் கட்டைவிரல் நகத்தில் குட்டி மயிலிறகு ஒன்று இருந்தது. வீட்டில் பாலிஷ் தொட்ட ரப்பர் அச்சால் நகத்தில் படம் குத்திப் பார்த்தவள், அந்த ஒரு விரலைத் துடைக்க மறந்திருந்தாள். "இன்னிக்கி லீவ் போட்டுக்கோ" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே பஸ் ஸ்டாப்புக்குப் போனாள்.

அன்று ஷிப்ட் முடிந்து, உடை மாற்றும் அறையில் லீடர் சாக்ஸைக் கழற்றினார். கால் நகங்கள் எல்லாவற்றிலும் மயிலிறகு, கோணல்மாணலாக. நான் பார்த்துவிட்டது தெரிந்ததும் காலை இழுத்துக்கொண்டார்.

"கையில வெச்சிக்க முடியாதில்ல. அதான் வூட்ல கால்ல குத்திக்கினேன்."

"நல்லாத்தான் இருக்குதுக்கா."

"எங்க? அச்சை எடுத்து நகத்துல வெக்கறதுக்குள்ள பாலிஷ் காஞ்சிப்பூடுது. அந்தப் பொண்ணுக்கு எவ்ளோ சுத்தமா விழுந்திருந்துச்சு, பாத்தியா?" சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். "பாவம், அழுதுக்கினே போச்சு."

மறுநாள் அந்தப் பெண் வெறும் நகத்தோடு வந்தாள். லீடர் அந்தக் கட்டைவிரலை மட்டும் வெகுநேரம் விடாமல் பிடித்திருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், விரலை விட்டுவிட்டு அடுத்தவளைக் கூப்பிட்டார். மன்னிப்புக் கேட்க வந்தாரா, அச்சு எப்படி அவ்வளவு சுத்தமாக விழுந்தது என்று கேட்க வந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை.