மருமகன் மிச்சம் வைத்த பீங்கான்

மருமகன் எழுந்து கைகழுவப் போன சத்தம் கேட்டதும் நஸீறா கதவு மறைவிலிருந்து வெளியே வந்து சோற்றுப் பீங்கானைப் பார்த்தாள். எட்டு இறால் வைத்து அனுப்பியிருந்தாள். ஐந்து அப்படியே கிடந்தது. சோற்றில் ஒரு மூலை மட்டும் தோண்டியிருந்தது.

"அல்லாஹ்வே, இந்த மனிசன் என்னத்தத்தான் தின்னுவார்?" என்று அடுப்பைப் பார்த்துக் கேட்டாள். அடுப்பு என்ன சொல்லும்? கலியாணம் முடிந்து அன்றைக்குப் பன்னிரண்டாம் நாள்.

கல்முனைக்குடியில் பெண் பிள்ளைக்கு ஒரு வீட்டைக் கொடுத்துத்தான் கலியாணம் முடிப்பார்கள். மாப்பிள்ளை தன் சாமான்களோடு பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். மாமி ஆக்கிப்போடுவாள், அவர் சாப்பிடுவார். நஸீறாவும் புருஷன் மீராசாவும் முன்வீட்டை மகள் முஸ்பிறாவின் பெயருக்கு எழுதிவிட்டுப் பின்பக்கத்து அறையும் குசினியுமாக ஒதுங்கிக்கொண்டார்கள். அதில் அவளுக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அவளுடைய உம்மாவும் அவளுக்காக இப்படித்தான் ஒதுங்கினாள்.

மனக்குறையெல்லாம் அந்தப் பீங்கானில்தான் இருந்தது. நஸீறாவின் சமையல் ஒன்றும் நேற்று முளைத்ததல்ல. உம்மாவிடமிருந்து வந்தது, உம்மாவுக்கு அவள் உம்மாவிடமிருந்து வந்தது. உம்மா அதைச் சொல்லிக் கொடுத்தவள் அல்ல, ஏசிக் கொடுத்தவள். மீன் ஆணத்துக்குள், குழம்பு கலங்கும்படி அகப்பையைப் போட்டால் ஏச்சு. சட்டியை இரண்டு கையாலும் பிடித்துச் சுழற்றவேண்டும். தேங்காய்த் தலைப்பால் விட்ட பிறகு ஆணம் கொதித்தால் அன்று முழுக்க ஏச்சு. இறைச்சிக்கு அரிசியையும் தேங்காய்ப்பூவையும் வறுக்கும்போது நிறம் ஒரு சொட்டுக் கூடிவிட்டால் சட்டியோடு கோழிக்குக் கொட்டச் சொல்லுவாள். சுனாமி வந்து வீட்டையும் உம்மாவையும் கொண்டுபோனபோது, நஸீறாவிடம் மிஞ்சியது புருஷனும் பிள்ளைகளும் அந்த ஏச்சுக்களும்தான். அவற்றில் ஒன்றையும் அவள் மறக்கவில்லை. தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் இறைச்சிக்குப் பதம் பார்க்க நஸீறாவைத்தான் கூப்பிடுவார்கள்.

அப்படிப்பட்டவளின் சாப்பாட்டைத்தான் மருதமுனையிலிருந்து வந்த நளீர் என்கிற மாப்பிள்ளை ஒரு மூலையைத் தோண்டிவிட்டு எழுந்து போகிறார்.

நேரே கேட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மாமி மருமகன் முன்னால் வந்து கதைக்கிற பழக்கம் அந்த வீட்டில் கிடையாது. இந்தக் காலத்தில் முக்கால்வாசி வீடுகளில் அதைக் கைவிட்டுவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி மருமகனோடு மோட்டார் சைக்கிளில் ஏறிப் பஸாருக்கே போய் வருகிறாள். நஸீறா விடவில்லை. அவளுடைய உம்மா மீராசாவோடு கடைசிவரை கதவு மறைவில் நின்றுதான் கதைத்தாள். ஆகவே நஸீறாவுக்குத் தூது முஸ்பிறாதான். முஸ்பிறா பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்துகிறவள். வீட்டில் அவளிடமிருந்து ஒரு வரிக்கு மேல் பிடுங்க முடியாது.

"என்ன புள்ள சொன்னார்?"

"நல்லம் எண்டார்."

"நல்லமெண்டா ஏன் மிச்சம் வெச்சிரிக்கார்?"

"வயிறு நிறைஞ்சிட்டாம் உம்மா."

"மூணு வாய்ல நிறையிற வயிறா அது? ஆறடி ஆள்!"

முஸ்பிறா தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விடுவாள். நஸீறாவுக்குப் பத்திக்கொண்டு வரும். பதின்மூன்றாம் நாள் ஈரப்பலாக்காய்ப் பாலாணம் வைத்தாள். மறுநாள் வறுத்தரைத்த மாட்டிறைச்சி. அடுத்த நாள் சுறா வறை. நெய்ச்சோறு, கணவாய், ரம்பை போட்ட கோழி என்று உம்மாவின் ஏச்சு ஒவ்வொன்றையும் சட்டியில் இறக்கினாள். எல்லாம் ஒரு மூலை தோண்டிய பீங்கானாகத் திரும்பி வந்தது. வட்டிலப்பத்தில் மட்டும் இரண்டு கரண்டி கூடப் போயிருந்தது. அன்றைக்கு அவள் சந்தோசப்பட்டாள். மறுநாள் பழையபடிதான்.

மீராசாவிடம் சொல்லி அழலாம் என்றால் அவர் வரிப்பத்தான்சேனை வயலில். கதிர் முற்றுகிற காலம், யானை இறங்குகிறது என்று வாரத்தில் நாலு நாள் வாடிக் குடிசையில்தான் காவல். போனில் சொன்னால், "தின்னாட்டி உடு நஸீறா, பசிச்சாத் தின்னுவார்," என்றார். யானையைப் பற்றிக் கேட்டால் ஒரு மணித்தியாலம் கதைப்பார், மருமகனைப் பற்றிக் கேட்டால் இவ்வளவுதான்.

இருபத்தைந்தாம் நாள் மீன்காரனிடம் நிற்கும்போது பக்கத்து வீட்டுக்காரி வாயை வைத்தாள். "என்ன நஸீறாத்தா, மருமகன் மெலிஞ்சி போயிட்டார் போல?"

நஸீறாவுக்கு மீனும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று போய்விட்டது. அந்த ஊரில் மாப்பிள்ளை மெலிந்தால் வியாதியைத் தேடமாட்டார்கள், மாமியைத்தான் தேடுவார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் உண்மைதான். கதவு நீக்கலால் கவனித்தாள். கலியாணத்துக்குத் தைத்த சேட் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

இதெல்லாம் போதாது என்று அடுத்த கிழமை முஸ்பிறா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். "உம்மா, அவருக்கு அம்பாறையில குவாட்டர்ஸ் கிடைக்குமாம். போவமா எண்டு கேக்கார்."

நளீருக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தில் வேலை. தினமும் போய் வருகிற தூரம்தான். பதினைந்து வருசமாகக் கல்லும் மண்ணுமாகச் சேர்த்துக் கட்டிய வீடு. சோறு பிடிக்காமல் மருமகன் மகளைக் கூட்டிக்கொண்டு போனால் அந்த வீட்டில் பூனை குடியிருக்கும். அதைவிட, உம்மாவின் சமையல் ஒரு மருமகனை நிறுத்திவைக்கவில்லை என்று ஆகிவிடும். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"அவருக்கு அவர்ர உம்மாட ஆணத்துலதான் விருப்பமோ? ஒரு நாளாவது சொல்லல்லியா?"

முஸ்பிறா யோசித்தாள். "அவர்ர உம்மா ஆக்கிற கீரி மீன் ஆணம் ருசி எண்டு ஒருக்காச் சொன்னார்."

அது போதும். சனிக்கிழமை முஸ்பிறா பட்டப்படிப்பு வகுப்புக்குப் போனதும் நஸீறா ஆட்டோ பிடித்து மருதமுனைக்குப் போனாள். சம்மந்தி வீட்டில் போய்ச் சமையல் கேட்பது கௌரவக் குறைச்சல்தான். தெரிந்துதான் போனாள்.

நளீரின் உம்மா நஸ்லியா தனியாக இருந்தாள். புருஷன் மௌத்தாகி ஆறு வருசம். நாலும் ஆண் பிள்ளைகள், நாலு பேரும் கலியாணம் முடித்து நாலு ஊரில் மாமிமார் வீட்டில். அடுப்பில் ஒரு சின்னச் சட்டி, ஒரு ஆளுக்கு அளவான சட்டி. மூடியைத் திறக்காமலே நஸீறா மோந்துவிட்டாள். கீரி மீன், கொறுக்காப்புளி, இன்னும் ஏதோ ஒன்று. அந்த ஏதோ ஒன்றுதான் பிடிபடவில்லை.

தேத்தண்ணி வந்தது. சுகம் விசாரித்து முடிந்தது. நஸீறா சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"மச்சி, மருமகன் நான் ஆக்கிறதச் சரியாச் சாப்பிடுறாரில்ல. ஒங்கட கீரி மீன் ஆணம் எப்பிடி எண்டு சொல்லித் தந்தீங்களெண்டா ஆக்கிக் குடுப்பன்."

நஸ்லியா கோப்பையைக் கீழே வைத்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததை நஸீறா கண்டாள். அது அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

"சாப்பிடுறாரில்லையா?"

"ஒரு மூலையத் தோண்டிட்டு எழும்பிடுறார். மெலிஞ்சிட்டார் மச்சி."

நஸ்லியா உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "மச்சி, என்ட மகனத் தந்திட்டன். ஆணத்தையும் தரச் சொல்லுறீங்களா?"

நஸீறாவுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. "அப்ப இத ஆருக்கு வெச்சிரிக்கீங்க? ஒங்களுக்குப் பொம்புளப் புள்ளயுமில்ல!"

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று பட்டது.

"ஓம், இல்லதான்," என்றாள் நஸ்லியா. "ஆருக்குமில்ல. என்னோட சேந்து கபுறுக்குப் போகட்டும்."

நஸீறா ஸலாம் சொல்லிவிட்டு எழுந்தாள். நஸ்லியா வாசல் வரை வந்து வழியனுப்பவும் செய்தாள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

வீட்டுக்கு வரும்போது லுஹர் தொழுகை முடிந்துவிட்டது. உலை வைக்கவில்லை. மீன் வாங்கவில்லை. நளீர் பள்ளிவாசலிலிருந்து வந்து முன்வீட்டு மேசையடியில் இருக்கிறார். பரிமாற முஸ்பிறா இல்லை. குசினியில் கிடந்தது இரவு மிஞ்சிய சோறும் ஒரு கை கருவாடும்தான். நஸீறா கருவாட்டைப் பொரித்தாள், அந்த ஆத்திரத்தில் ஒரு பக்கம் கருகியும் விட்டது. தேங்காய்ப்பூவில் கொச்சிக்காய்த் தூளையும் உப்பையும் கொட்டிப் பிசைந்தாள். வெங்காயம் வெட்டக்கூடப் பொறுமையில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கதவைத் தாண்டி நேரே போய் மேசையில் வைத்தாள்.

நளீர் பதறி எழும்பிவிட்டார்.

"இரிங்க மருமகன்," என்றாள். முப்பத்தேழு நாளில் அவரிடம் அவள் கதைத்த முதல் சொல் அது. "இரிங்க. நான் ஒண்டு கேக்கன். என்ட ஆணத்துல என்ன குறை? உப்பா, புளியா? நானும் எத்தின வகையில ஆக்கிட்டன்! ஒங்கட உம்மாட ஊட்ட வரைக்கும் போய்க் கையேந்திட்டு வாறன். இந்த ஊட்டுச் சோறு பிடிக்கல்லயெண்டா வாயத் தொறந்து சொல்லுங்க. அம்பாறைக்கெல்லாம் போகத் தேவல்ல."

நளீர் தரையைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டது.

"மாமி, குறையொண்டுமில்ல. உம்மாதான் சொல்லி அனுப்பினவ."

"என்னத்த?"

"அங்க போய்ப் பீங்கான வழிச்சித் தின்னாத, புது மாப்புள முக்கால்வாசிய மிச்சம் வைக்கணும், இல்லாட்டித் தின்னி எண்டு பேர் வெச்சிடுவாங்க எண்டு. நாப்பது நாளைக்கு."

நஸீறா பீங்கானை அவர் பக்கம் தள்ளினாள்.

"அப்ப பசிக்கல்லயா?"

"சரியான பசி மாமி. வேலைக்குப் போற வழியில ரோல்ஸ் வாங்கித் தின்னுவன். அம்பாறைக்குப் போனா ரெண்டு பேரும் வெக்கமில்லாமச் சாப்பிடலாமெண்டுதான் கேட்டன்." கொஞ்சம் பொறுத்து, "அண்டைக்கு அந்த இறால மிச்சம் வைக்கக்குள்ள அழுக வந்திச்சி," என்றார்.

"இண்டைக்கு வழிச்சித் தின்னுங்க. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

தின்றார். கருகிய கருவாட்டையும் வெங்காயமில்லாத சம்பலையும் மூன்று பீங்கான் தின்றார். நஸீறா பார்த்துக்கொண்டே நின்றாள். சிரிப்பு வரவேண்டிய இடம்தான், வரவில்லை. உம்மா விட்டுப்போன நல்லது எல்லாம் கோழிக்குப் போனது. மருமகனின் வயிறு நிறைந்தது என்னவோ இந்தக் குப்பையில். அந்த நஸ்லியா காலையில் எதிரில் இருந்து தேத்தண்ணி குடித்தாளே, மகன் சாப்பிடவில்லை என்று சொல்லியும் 'நான்தான் அப்படிச் சொல்லி அனுப்பினேன்' என்று ஒரு சொல் சொன்னாளா?

அன்றிலிருந்து நஸீறா, நஸ்லியா செய்ததைத் தெருவெல்லாம் சொன்னாள். நளீருக்கு உடம்பு வைத்தது, குவாட்டர்ஸ் கதை அடங்கியது, மாமியும் மருமகனும் முகத்துக்கு முகம் கதைத்தார்கள். ஆனால் கோபம் மட்டும் ஆறவில்லை. "பெத்த புள்ளயப் பட்டினி போட்ட பொம்புள," என்பாள் நஸ்லியாவை. "நானெண்டா அப்பிடிச் சொல்லி அனுப்புவனா?"

ஹஜ் பெருநாள் கழிந்து, வெளியூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய மகன் றிஷாட்டின் கலியாணம் வந்தது. பெண் இறக்காமத்தில். நிக்காஹ் முடிந்து, அஸர் தொழுதுவிட்டு மாப்பிள்ளையைப் பெண் வீட்டுக்குக் கூட்டிப்போக வேன் வந்து நின்றது. றிஷாட் கோட் போட்டுக்கொண்டு குசினிக்குள் வந்து, பகல் மிஞ்சிய இறைச்சி ஆணத்தைச் சட்டியோடு சாய்த்து, நின்றபடியே வழித்துத் தின்றான். கோட்டில் படும் என்று முஸ்பிறா கத்தினாள்.

நஸீறா அவனுக்குச் சொல்ல வேண்டியதை முதல் நாளே மனதுக்குள் தயார்செய்து வைத்திருந்தாள். வாப்பா, வெட்கப்படாதே, மாமி ஆக்கினதை வயிறு நிறையத் தின்னு, பிடித்தால் பிடித்தது என்று சொல்லு. நஸ்லியா மாதிரி நான் இல்லை என்று ஊருக்கும் தெரியட்டும்.

வேன் கதவடியில் அவனைப் பிடித்து நிறுத்தினாள். வாயில் இன்னும் இறைச்சி மணம். நாளைக்குப் பகல் இறக்காமத்தில் யாரோ ஒருத்தி இவனுக்குப் பீங்கான் வைப்பாள். இவன் இப்படியே வழித்துத் தின்பான். "நல்லம்" என்றும் சொல்லுவான். அந்த மாமி கதவு மறைவிலிருந்து வந்து பார்த்துச் சந்தோசப்படுவாள்.

"என்ன உம்மா, கெதியாச் சொல்லுங்க, ஆக்கள் நிக்காங்க."

நஸீறா அவன் கோட்டின் கழுத்தைச் சரிசெய்தாள்.

"அங்க போய்க் கனக்கத் தின்னாதடா, வாப்பா," என்றாள்.

அவன் ஓம் என்று தலையாட்டிவிட்டு வேனில் ஏறினான்.