படுதாவுக்குள் ஒரு லேப்டாப்

லேப்டாப் அணைந்தபோது கேமரா அப்போதுதான் கடலடி மணலைத் தொட்டிருந்தது. கீழவைப்பாருக்குக் கிழக்கே, கரை ஒரு கோடாக மட்டும் தெரிகிற தூரத்தில், ஃபைபர் வள்ளத்தில் நாங்கள் மூன்று பேர் இருந்தோம். நான், என்னோடு வேலை பார்க்கும் தோழி, வள்ளத்தை ஓட்டும் அண்ணாச்சி. திரையில் ஒரு கணம் பச்சைத் தண்ணீர் தெரிந்தது. அடுத்த கணம் என் முகம்தான் தெரிந்தது.

"என்ன மேடம், படம் முடிஞ்சிட்டா?" என்றார் அண்ணாச்சி.

எனக்கு அழுகை வராத குறை. இரண்டாவது இடத்துக்கே இந்தக் கதி. இன்னும் இரண்டு இடங்கள் பாக்கி.

அதற்கு முந்தைய ஆண்டு எங்கள் ஆய்வுத் திட்டத்தில் நான்கு இடங்களில் சிமெண்டுச் சட்டங்களைக் கடலில் இறக்கி, அவற்றில் முத்துச்சிப்பிக் குஞ்சுகளை வைத்திருந்தோம். இந்தக் கடலில் முத்துக்குளிப்பு நின்று எத்தனையோ காலமாகிறது. சிப்பிகள் மறுபடி தங்குமா, செத்துப்போகுமா என்பதுதான் கேள்வி. மழைக்குப் பிறகு ஒருமுறை ஆட்கள் முக்குளித்துப் பார்த்தார்கள். தண்ணீர் கலங்கிக் கிடந்ததால் எதுவும் தெரியவில்லை. அடுத்த கூட்டத்துக்கு இரண்டே வாரம் இருந்தது. காட்ட ஏதாவது இருந்தால் திட்டம் தொடரும், இல்லையென்றால் அத்தோடு சரி.

அதனால்தான் தோழி ஒரு இரும்புக் கூண்டு செய்து, நீருக்கடியில் வேலை செய்யும் சின்னக் கேமராவை அதில் பூட்டி, நீளமான வயரால் லேப்டாப்போடு இணைத்தாள். அந்தக் கேமராவுக்கென்று தனி நினைவகம் கிடையாது. அது காண்பதை லேப்டாப்தான் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். லேப்டாப் நின்றுவிட்டால் அது வெறும் கயிற்றில் கட்டிய கல்.

அலுவலகம் தந்த அந்த லேப்டாப்புக்கு வயதாகிவிட்டது. முழுதாகச் சார்ஜ் ஏற்றினாலும் ஒன்றேகால் மணி நேரம்தான் தாங்கும். புது பேட்டரிக்கு எழுதிக் கொடுத்தாயிற்று. "வரும்" என்ற பதிலும் வந்தாயிற்று. பழைய உருண்டை முள் சார்ஜர் என்பதால் பவர் பேங்க் எதுவும் பொருந்தவில்லை. வள்ளத்திலோ கயிறு இழுத்துக் கிளப்புகிற எஞ்சின், அதில் கரண்ட் எடுக்க வழியில்லை.

கரைக்குத் திரும்பியதும் நேராகத் தூத்துக்குடிக்குப் போய், லேப்டாப் பழுது பார்க்கும் கடையில் அதைக் கொடுத்தோம். கடைக்காரர் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"பேட்டரி கெழடு தட்டிட்டும்மா. அத ஒன்னும் செய்ய முடியாது. ஆனா என்னல்லாம் இதுல ஓடிட்டுக் கெடக்குன்னு பாத்தியளா? கேமரா ஒருபக்கம் குடிக்கி, வைஃபை ஒருபக்கம் குடிக்கி, வெளிய ஒரு ஹார்டு டிஸ்க்க வேற மாட்டி வச்சிருக்கிய. குடிக்கிறத கொறைங்க. அது போதும்."

பேருந்தில் என் வீடு இருக்கும் முத்தையாபுரம் வந்து இறங்குவதற்குள் எனக்கு உடம்பெல்லாம் பரபரப்பு. நான் சாத்தான்குளத்துக் கணக்கு ஆசிரியரின் மகள். எதையும் ஒவ்வொன்றாக மாற்றி, எழுதி வைத்துப் பார்க்கிற புத்தி வீட்டிலிருந்தே வந்தது. சமையலறையில் ஒரு வாளித் தண்ணீர் வைத்து, கேமராவை உள்ளே இறக்கி, எதிரே ஒரு எவர்சில்வர் டம்ளரைப் போட்டேன். பதிவைத் தொடங்கிவிட்டு நோட்டில் நேரத்தைக் குறித்தேன். குழம்பு கொதித்தது, லேப்டாப் தரையில் உட்கார்ந்து டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

முதலில் வைஃபையையும் புளூடூத்தையும் அணைத்தேன். ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, லேப்டாப்புக்குள்ளேயே பதிவு செய்தேன். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியது! நான் தனியாகச் சமையலறையில் கைதட்டினேன். மறுநாள் பின்னால் ஓசையில்லாமல் ஓடுகிறவற்றைத் தேடினேன். தினமும் காலை பத்து மணிக்கு வைரஸ் தேடுகிற வேலை ஒன்று தானாகவே கிளம்பும்படி யாரோ வைத்திருந்தார்கள். பத்து மணி! சரியாக நாங்கள் நடுக்கடலில் இருக்கிற நேரம். அதைச் சாயங்காலத்துக்குத் தள்ளினேன். திரை வெளிச்சத்தைக் கால்வாசிக்கு இறக்கினேன். இரண்டு மணி நேரம் ஐந்து நிமிடம் தாங்கியது.

தோழிக்கு போன் போட்டேன். அவள் பக்கமும் சும்மா இல்லை.

"ஏளா, கீபோர்டுக்கு அடியில லைட் எரியுதுல்லா? பட்டப்பகல்ல அது எதுக்கு? அணை மொதல்ல!" என்று கத்தினாள். "அப்புறம், ஒரு இடத்துலேருந்து இன்னொரு இடத்துக்குப் போற அரைமணி நேரமும் அத முழிக்க வச்சிருந்தோம். மூடி வச்சா தூங்குது, ஆனா தூக்கத்துலயும் கொஞ்சம் குடிக்கி. ஹைபர்னேட் போடணும். அப்பத்தான் சுத்தமா நிக்கும்."

மூன்றாம் நாள் சூடுதான் சிக்கியது. லேப்டாப்பைத் துணி மேல் வைத்தால் அடியில் காற்றோட்டம் அடைபட்டு மின்விசிறி இரைந்து சுற்றுகிறது. இரண்டு மரக்கட்டைகளின் மேல் தூக்கி வைத்ததும் இரைச்சல் அடங்கியது. அந்த முறை இரண்டு மணி நாற்பது நிமிடம் வந்தது. நோட்டில் அந்த எண்ணைச் சுற்றி மூன்று வட்டம் போட்டேன்.

ஆனால் ஒன்றை மறந்திருந்தோம். அடுத்த சனிக்கிழமை காலை, வள்ளத்தில் லேப்டாப்பைத் திறந்தால் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. சமையலறைக்குப் போதுமான வெளிச்சம் கடல் வெயிலில் எந்த மூலைக்கு? கூட்டினால் கணக்கெல்லாம் போச்சு.

அண்ணாச்சிதான் எழுந்து, பலகைக்கு அடியிலிருந்து எஞ்சினை மூடுகிற கறுப்புப் படுதாவை இழுத்தார். "தலையோட போத்திக்கிடுங்க. உள்ள இருட்டாத்தான் இருக்கும்."

படுதாவுக்குள் டீசல் நாற்றமும் மீன் நாற்றமும் சேர்ந்து குமட்டியது. வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. ஆனால் திரை பளிச்சென்று தெரிந்தது! எங்கள் இருவரின் தலையும் உள்ளே, முதுகு வெளியே. அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் வள்ளமே ஆடியது.

முதல் இடத்தில், போன முறை பார்த்தபடியே, சட்டம் மணலில் பாதி புதைந்து கிடந்தது. ஒட்டியிருந்த சிப்பிகள் வாய் பிளந்து செத்திருந்தன. இரண்டாவதில் சட்டமே கண்ணில் படவில்லை. மூன்றாவதில் பாசியும் இரண்டு நண்டுகளும். ஒவ்வொரு இடம் முடிந்ததும் ஹைபர்னேட், மூடி, குடை நிழல். நான்காவது இடத்துக்கு வந்து திறக்கும்போது பத்தொன்பது சதவீதம் இருந்தது. மணி பதினொன்று. காற்று கிளம்பத் தொடங்கிவிட்டது.

"சீக்கிரம் பாருங்க மேடம். இன்னும் அரமணில அல ஏறிரும்" என்றார் அண்ணாச்சி.

தோழி வெளியே நின்று வயரை விட்டாள். நான் படுதாவுக்குள் இருந்தேன். மணல், மணல், கடல்புல், மறுபடி மணல். பதினான்கு சதவீதம். "கொஞ்சம் வடக்கே!" என்று கத்தினேன். அண்ணாச்சி வள்ளத்தைச் சன்னமாக நகர்த்தினார். பதினொன்று. ஒன்றுமில்லை. எட்டு. ஒரு கயிறு தெரிந்தது. நாங்கள் சட்டத்தில் கட்டியிருந்த நீலக் கயிறு!

"கயிறு! கயிறு கெடச்சிட்டு! அப்படியே எறக்கு!"

தோழி கை கையாக வயரை இறக்கினாள். கயிற்றின் வழியே கேமரா கீழே போனது. திரையில் ஒரு பெரிய கறுப்பு உருவம் வந்தது. சட்டம் அது என்பதே எனக்கு முதலில் விளங்கவில்லை, ஏனென்றால் சிமெண்டே தெரியவில்லை. அவ்வளவு சிப்பிகள். ஒன்றன் மேல் ஒன்றாக, அடை அடையாக. கூண்டு நெருங்கியதும் அவை ஒவ்வொன்றாக வாயை மூடிக்கொண்டன. மூடின! உயிரோடு இருந்தன!

நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை. தோழி வயரைப் பலகையில் சுற்றிவிட்டுப் படுதாவுக்குள் பாய்ந்தாள். அண்ணாச்சி எஞ்சினை விட்டுவிட்டுக் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே நுழைத்தார்.

"ஏளா! மூடுது பாருளா! அந்தா, அங்கன, அந்தா!" மேடம் எல்லாம் காற்றில் போயிருந்தது. "எங்க அப்பா சொல்லித்தான் கேட்டிருக்கேன். உசுரோட கெடக்கத நான் இன்னைக்குத்தான் பாக்கேன்."

ஐந்து சதவீதம். சிவப்பில் எச்சரிக்கை வந்தது. எனக்குச் சுருக்கென்றது. பதிவை முறையாக நிறுத்திச் சேமிக்காமல் லேப்டாப் அணைந்தால், கோப்பு கெட்டுப்போகும். எடுத்ததெல்லாம் வீண்.

"நிறுத்தப் போறேன்."

"ஏளா, மறுபக்கம் இன்னும் பாக்கலியே! ஒரே நிமிசம்!" தோழி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான்கு. மறுபக்கத்தைப் பார்க்க எனக்கும் ஆசைதான். அவள் கையை உதறிவிட்டு நிறுத்து என்பதை அழுத்தினேன். சேமிக்கிறது என்று ஒரு பட்டை நத்தையாக நகர்ந்தது. மூன்று. பட்டை முக்கால்வாசி. முடிந்தது. கோப்பைத் திறந்து ஐந்து விநாடி ஓட்டிப் பார்த்தேன். சிப்பிகள் வாயை மூடின. நான் லேப்டாப்பை அணைத்து, பையில் வைத்து, பையைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டேன். அலை ஏறிய கடலில் முழுக்க நனைந்துதான் கரை சேர்ந்தோம். வழியெல்லாம் தோழி எதற்கென்றில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தாள்.

கூட்டத்தில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினோம். மூன்று இடங்களில் தோற்றதையும் மறைக்கவில்லை. நான்காவது இடத்தில் மட்டும் ஏன் பிழைத்தன என்பதைப் பார்க்க இன்னும் இரண்டு ஆண்டுகள் கிடைத்தன. புது பேட்டரியும் அதற்கப்புறம்தான் வந்தது.

கூட்டத்துக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்ததும் அண்ணாச்சி போன் செய்தார். "வீட்டுல யாரும் நம்ப மாட்டேங்காவ. கொண்டாந்து காட்டுங்க" என்றார். கீழவைப்பாரில் அவர் வீட்டு முன்கூடத்தில் லேப்டாப்பை வைத்து, சார்ஜரைச் சுவரில் சொருகி, வெளிச்சத்தை முழுதாக ஏற்றினோம். அக்கம்பக்கம் முழுதும் வந்து நின்றது. அவருடைய மனைவி முன்வரிசையில் உட்கார்ந்து, விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுச் சிப்பிகளை எண்ணத் தொடங்கினார். அறுபதைத் தாண்டியபோது யாரோ குறுக்கே பேசி எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

"திரும்ப மொதல்லேருந்து போடுளா" என்றார்.

போட்டேன்.