சருகுமான் காட்டேஜ்

பண்ணைக்காட்டு ரிசார்ட்டில் காலையில் சருகு எரியும் வாசனை வந்ததும், அதே இடத்தில் முன்பு இருந்த காப்பித் தோட்டத்துக்குள் போய்விட்டேன். அம்மா அங்கே பழம் பறிக்க, நான் பலாமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். கணுக்கால் புதையச் சருகு கிடக்கும், அதன்மேல் வெயில் வட்டவட்டமாக நகரும், பறிக்கிற பெண்களின் பேச்சு தேனீ இரைச்சல்போல் வந்துகொண்டே இருக்கும், பிறகு சட்டென்று எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள். சருகுமான் வந்திருக்கும். முயலளவே உள்ள அது சருகு நிறத்தில் இருப்பதால் கண்ணில் படாது. சருகு நொறுங்குவதைக் கேட்டுத்தான் அது போகிறதென்று தெரியும். அந்தச் சத்தம் கடக்கும்வரை ஒருத்தியும் கிளையைத் தொடமாட்டாள்.

"சருகுதான் புள்ள அதுக்கு வீடு, பேரும்கூட அதுதான்" என்பாள் அம்மா. அந்த மரத்தடியை மட்டும் யாரும் கூட்டியதில்லை.

இப்போது நான் வந்து தங்கியிருக்கும் காட்டேஜ் வாசலில் 'சருகுமான்' என்று பலகை. முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம், இப்படியா வழித்தெடுப்பது என்று எரிந்து விழுந்தேன்.

"ஒரு எல கெடந்தாலும் மேனேஜர் திட்டுவாருக்கா" என்றவள், பலகையை நிமிர்ந்து பார்த்தாள். "அதென்ன மானுக்கா, அதுக்கு ஏன் அந்தப் பேரு?"

காட்டுவதற்கு ஒரு பிடி சருகு தேடினேன். எல்லாம் நெருப்பில் கிடந்தது.