சுவர் தாண்டி வந்த தண்ணீர்

தேவானை பெரிய காரியம் எதுவும் செய்தவள் இல்லை. மயிலாப்பூரில் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்துகொண்டு பூ விற்றுப் பிழைத்தாள், அவ்வளவுதான். ஆனாலும் ஒரு கோடை முழுக்க அந்தச் சந்தில் அவள் பேச்சாகவே இருந்தது.

புருஷன் தங்கவேல் ஜட்கா ஓட்டினவன். அவன் காய்ச்சலில் போனதும் வண்டியும் குதிரையும் கைமாறிவிட்டன. குதிரை கட்டியிருந்த கொட்டில் மட்டும் அவளுக்கு மிஞ்சியது. வருஷக்கணக்காகக் குதிரை லத்தி ஊறி மண் கறுத்துக் கிடந்த இடம். கொடிமல்லியில் இரண்டு பதியன் கொண்டுவந்து நட்டாள். கொட்டில் கால்களின் மேலேயே பந்தல் ஏறிவிட்டது. கோடையில் அந்தப் பந்தல்தான் அவளுக்குச் சோறு போட்டது. மாட வீதிப் பக்கம் நாலைந்து வீடுகளில் வாடிக்கை. அதில் பெரிய வீடு யோகாம்பாள் மாமியுடையது. அங்கே தினமும் சாமிக்கு ஒரு சரம், தலைக்கு ஒரு சரம்.

அந்த வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. பங்குனி பிறக்கும்போது செங்குன்றத்து ஏரியில் சேறு தெரிகிறது என்று பேசிக்கொண்டார்கள். கார்ப்பரேஷன் தண்டோரா போட்டது. குழாய் காலையில் மட்டும்தான் வரும்; செடி கொடிக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றக்கூடாது, வண்டி மாடு கழுவக்கூடாது; மீறினால் அந்தத் தெருக் குழாயையே மூடிவிடுவார்கள். சந்துக்கு இருந்தது ஒரே குழாய். கிணறு என்று ஒன்று இருந்தது. கடலோரத்து ஊர், கோடையில் வாயில் வைக்க முடியாத உப்பு. அதை ஊற்றினால் மல்லி கருகிப் போகும்.

தேவானை சட்டத்துக்குப் பயந்தவள். குழாய்த் தண்ணீரைக் குடிக்க, சமைக்க என்று தனியாக மூடி வைத்தாள். அரிசி களைந்த தண்ணீர் பந்தலுக்குப் போனது. துணி அலசினதில் கடைசித் தண்ணீரும் போனது. பாத்திரம் தேய்த்த தண்ணீரை மட்டும் ஊற்றமாட்டாள். சோற்றுப் பருக்கை பட்ட தண்ணீரில் வளர்ந்த பூவைச் சாமிக்குப் போடுவதா? அது முருங்கை மரத்துக்குப் போனது. இத்தனை செய்தும் பந்தலுக்குப் போதவில்லை. இலை பழுத்துக் கொட்டியது, மொட்டு கருகியது.

அடுத்த வீடு இனாயத் சாயபுவுடையது. தையல்காரர். வீட்டிலேயே மெஷின் போட்டு ஆட்களை வைத்துத் தைத்தார். தொழுகைக்கு முன்னால் எல்லோரும் கொல்லைக் கல்லில் உட்கார்ந்து மூக்குச் செம்பில், பிடித்துவைத்த குழாய்த் தண்ணீர் எடுத்துக் கை, முகம், கால் கழுவுவார்கள். அந்தத் தண்ணீர் சுவரோரமாக ஓடிச் சாக்கடையில் விழும். எண்ணெய் கிடையாது, சோப்பு கிடையாது. ஒரு நாள் தேவானை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாயபுவின் சம்சாரம் ஜைதூன் பீ கவனித்துவிட்டாள்.

"இன்னாடி தேவானை, சாக்கடைய மொறைச்சிக்கினு நிக்கிறே?"

"பானை பானையா போவுதேக்கா. என் பந்தல் செத்துக்கினு கீது."

"அப்ப எட்த்துக்கோயேன். ஆத்தங்கரையில உக்காந்து கழுவினாலும் தண்ணிய வீணாக்கக் கூடாதுன்னு எங்கப்பா சொல்லும். எங்களுக்கும் மனசு கேக்கல."

சுவரின் அடியில் ஒரு செங்கல்லைப் பெயர்த்து, பந்தல்வரை விரல் அகலத்துக்குக் கால்வாய் கீறினாள் தேவானை. முதல் தண்ணீர் வந்து வேரில் இறங்கியதைப் பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"அக்கா, இத்த வெளியில சொல்லிடாதே. பூ வாங்கறவங்க ஒரு மாதிரி நெனைப்பாங்க."

ஜைதூன் பீ முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"தொழுவுறதுக்குக் கழுவுற தண்ணிடி அது. சரி போ, நான் ஏன் சொல்றேன்?"

பந்தல் பிழைத்துக்கொண்டது. ஊரில் செடியெல்லாம் குச்சியாய் நிற்கையில் இவள் கொட்டிலில் மட்டும் பூ கொட்டியது. வினையும் அங்கேதான் ஆரம்பித்தது. குழாயடி என்றால் நாலு வாய் இருக்கத்தானே செய்யும்.

"நாம்ப குடிக்கவே தண்ணியக் காணோம். இவ வூட்ல மல்லி பூத்துக் குலுங்குது," என்றாள் கோவிந்தம்மா. குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "வுடியறதுக்கு முன்னாடி வந்து புட்ச்சிக்கினு போறா போல," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

"நீ பாத்தியா?"

"பாக்கணுமா இன்னா? பூவே சொல்லுதே!"

யார் போய்ச் சொன்னார்களோ, ஒரு நாள் காலையில் குழாய் மேஸ்திரி வந்து சேர்ந்தார். காக்கிச் சட்டை, தோளில் குழாய் மூடுகிற நீட்டுச் சாவி. நேரே கொட்டிலுக்குள் போய்ப் பந்தலடி மண்ணை எடுத்துப் பிசைந்து பார்த்தார். ஈரம்.

"இன்னாம்மா இது? மழை பேஞ்சுதா உங்கூட்ல மட்டும்?"

"குழாயில புட்ச்சி ஊத்தல நைனா."

"பின்ன, கெணத்துத் தண்ணியா? அத்த ஊத்தினா செடி நிக்குமா? நான் இன்னா புதுசா? சொல்லிடு. இல்லாட்டி குழாய மூடிட்டுப் போய்க்கினே இருப்பேன்."

எதிரே குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்கள் கூச்சல் போட்டார்கள். இவள் ஒருத்தி பூவுக்கு நாங்கள் தாகத்தில் சாவதா என்று கோவிந்தம்மா மண்ணை வாரித் தூற்றினாள். தேவானை கால்வாயையே பார்த்தாள். சொன்னால் வாடிக்கை போகும். சொல்லாவிட்டால் சந்துக்கே தண்ணீர் போகும். தலையைத் தூக்கினாள். சுவருக்கு மேலே ஜைதூன் பீயின் முகம் தெரிந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள். குழாய் மூடினால் அவள் வீட்டுக்கும்தான் தண்ணீர் கிடையாது. ஆனாலும் உதட்டை அழுத்திக்கொண்டு பேசாமல் நின்றாள். சொல்லமாட்டேன் என்று சொன்னவள், சொல்லவில்லை.

அதற்கு மேல் தேவானையால் முடியவில்லை.

"அந்தப் பக்கத்துத் தண்ணி நைனா. சாயபு வூட்ல தொழுவுறதுக்குக் கை கால் கழுவுறாங்களே, அது. தோ பாரு, கால்வா."

மேஸ்திரி நம்பவில்லை. கால்வாய் காய்ந்திருந்தது.

"கதை வுடறியா? தண்ணி எங்க?"

சுவருக்கு மேலிருந்து ஜைதூன் பீ இப்போது வாயைத் திறந்தாள். "மத்தியானத் தொழுவைக்கு வரும். அவசரம்னா நீயும் வந்து கால் கழுவு."

குழாயடியில் சிரிப்பு எழுந்தது. மேஸ்திரிக்கு ரோஷம் வந்துவிட்டது. சாவியைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு, பந்தல் நிழலிலேயே சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். வெயில் ஏறியது. பெண்களில் பாதிப் பேர் போகாமல் நின்றார்கள். அடுத்த வீட்டில் மெஷின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. கல்லில் செம்பு வைக்கிற ஓசை கேட்டது. கொஞ்ச நேரத்தில் செங்கல் பெயர்த்த ஓட்டை வழியாகத் தண்ணீர் எட்டிப் பார்த்தது. மண்ணை நனைத்துக்கொண்டு வளைந்து வந்து, வேரடியில் நின்று, இறங்கியது.

மேஸ்திரி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "இதுக்குத் தண்டோரால ஒண்ணும் இல்ல," என்று சொல்லிவிட்டுச் சாவியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கோவிந்தம்மாவும் குடத்தை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினாள்.

குழாய் தப்பியது. மறுநாள் தேவானை கூடையைத் தூக்குவதற்குள் செய்தி மாட வீதிக்குப் போய்விட்டது. யோகாம்பாள் மாமி வாசலிலேயே காத்திருந்தாள். திட்டவில்லை. முகத்தைச் சுளிக்கவும் இல்லை.

"நீ தப்பா நெனச்சுக்காதேடி தேவானை. யார் யாரோ கால் அலம்பின ஜலம்னு காதுல விழுந்துடுத்து. இனிமே எப்படிப் பெருமாளுக்குச் சாத்தறது? தலைக்கு வேணா எப்பவும்போலக் குடு."

தலைக்கு உள்ளதை முழம் போட்டுக் கொடுத்தாள். சாமிச் சரம் கூடையிலேயே திரும்பியது. மற்ற வீடுகளிலும் இதே கதைதான். மாமி அன்றுமுதல் சாமிப் பூவைக் குளத்தங்கரைக் கடையில் வாங்கினாள். எந்த ஊர்ப் பூவோ, ரயிலில் மூட்டையாக வந்தது. அதற்கு எந்தத் தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை.

அந்தக் கோடையைத் தேவானை பாதி வயிற்றோடு ஓட்டினாள். ஜைதூன் பீ சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கிற வேலை கொஞ்சம் வாங்கிக் கொடுத்தாள்.

அடுத்த ஐப்பசியில் மழை ஒழுங்காகப் பெய்தது. பங்குனியில் பந்தல் மறுபடி வெள்ளையானது. குழாய் இரண்டு வேளையும் வந்தது, தண்டோரா எதுவும் இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை யோகாம்பாள் மாமி பூவை எடுத்து முகர்ந்து பார்த்தாள். கடைப் பூவில் இந்த வாசனை கிடையாது.

"இப்போதான் ஜலத்துக்குப் பஞ்சமில்லையே. சாமிக்கும் ஒரு முழம் போடேன்."

தேவானை சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெயர்த்த செங்கல் இன்னும் சுவரோரத்தில்தான் கிடந்தது. எடுத்துச் செருகிவிட்டால் தீர்ந்தது.

"கால்வா அப்படியேதான் கீது மாமி," என்றாள்.

"அடைச்சுடேன். இனிமே எதுக்கு அது?"

"அது பாட்டுக்கு வந்துக்கினு கீது. இருக்கட்டும் மாமி."

மாமி எடுத்த பூவைக் கூடையிலேயே வைத்தாள். தேவானை முழங்கையை நீட்டிச் சரத்தை அளந்தாள்.

"தலைக்குத்தானே?"

"ம்… தலைக்குத்தான்," என்றாள் மாமி.

தேவானை ஒரு சாண் அதிகமாகவே விட்டு, நாரைக் கடித்து அறுத்தாள்.