வேர் மட்டுமே உள்ள செடி

தங்கச்சி தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்த வாரத்தில்தான் நான் அந்தக் கிளையையும் கொண்டுவந்தேன். அம்மா அப்பா போய்ச் சேர்ந்துவிட்டதால் அவளுக்குப் பிறந்த வீடென்றால் பாளையம்பட்டியில் நானும் என் மனைவியும் இருக்கும் வீடுதான்.

எனக்கு வண்டி ஓட்டும் வேலை. வத்தலும் மல்லியும் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போவேன். அங்கே ஒரு ஏலத்தோட்டத்தில் நிழல்மரங்களைக் கவாத்து செய்து போட்டிருந்தார்கள். ஒரு கிளையின் பட்டையில் நாடா போன்ற சாம்பல் நிற வேர்கள் நாலாபக்கமும் படர்ந்து ஒட்டியிருந்தன. ஒரு இலைகூட இல்லை.

"அது எல போடாதுங்க," என்றார் தோட்டத்து ஆள். "வேரே வெயில வாங்கிப் பொழைச்சுக்கும். மரத்துல ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். மரத்த உறிஞ்சாது."

எனக்கு அது பிடித்துப்போனது. கொண்டுவந்து வாசல் வேம்பில் கட்டினேன். ஐப்பசி மழை நேரம். தண்ணீர் பட்டதும் சாம்பல் வேர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பச்சையாக மாறும். மனைவி அதைக் காட்டவென்றே அக்கம்பக்கத்தாரைக் கூப்பிடுவாள். தங்கச்சி மட்டும் கிட்டே வரவில்லை.

"என்னண்ணே இது, பூரான் மாதிரி அப்பிக்கிட்டு கெடக்கு," என்றாள்.

கார்த்திகை பிறந்ததும் வேம்பின் உச்சிக் கொழுந்துகள் கருகின. அப்புறம் கொத்துக் கொத்தாக, நெருப்பில் வாட்டியதுபோல. மழை பெய்துகொண்டேயிருந்தது, மரம் காய்ந்துகொண்டேயிருந்தது.

எதிர்வீட்டு அக்கா வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தார். "புல்லுருவி ஏறுன மரம் பொழைக்காதுப்பா. அதுவும் ஆத்தா குடியிருக்க மரம். பிள்ளத்தாச்சி இருக்க வீட்டுல இதெல்லாம் எதுக்கு?"

அது புல்லுருவி இல்லை, மரத்தை உறிஞ்சாது என்று தோட்டத்து ஆள் சொன்னதைச் சொன்னேன். அக்கா போன பிறகு தங்கச்சி மெதுவாகக் கேட்டாள்.

"எல இல்லாம ஒண்ணு உசுரோட இருக்குன்னா, வேற எதையோ திங்கிதுன்னுதானண்ணே அர்த்தம்?"

வெயிலைத் தின்கிறது என்றேன். மழை பிடித்துப் பல நாளாக வெயிலே இல்லை. அவள் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரம் திருச்சுழிக்கு லோடு போனேன். வழியெல்லாம் வேம்புகள் கருகி நின்றன. கரிசல் காட்டுக்கு நடுவில், கண்மாய்க் கரையில், கோயில் வாசலில், எங்கும் அதே பழுப்பு. ஏதோ நோய், பச்சை வந்துவிடும் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். எங்கள் செடிமேல் பழியில்லை என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்ததும் தங்கச்சியிடம் சொன்னேன்.

"நம்ம மரம் மட்டும் இல்ல தாயி. திருச்சுழி வரைக்கும் இப்பிடித்தான் நிக்கிது."

அவள் முகம் வெளுத்தது. "அப்ப எல்லா எடத்துக்கும் வந்திருச்சாண்ணே?"

அன்றைக்கே கிளையை அவிழ்த்துத் தூரப் போட்டிருக்கலாம். ஆனால் சில வேர்கள் வேம்பின் பட்டைக்கே தாவி ஒட்டியிருந்தன. பயந்து எடுத்தால் அவள் பயம் உண்மையாகிவிடும் என்றும் தோன்றியது.

சில நாள் கழித்து நான் வெளியூரில் இருந்தபோது மனைவியிடமிருந்து போன் வந்தது. அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்த மத்தியான நேரத்தில் தங்கச்சி நாற்காலி போட்டு ஏறி, காய் நறுக்கும் கத்தியால் அந்த வேர்களைச் சுரண்டியிருக்கிறாள். ஈரத்தில் நாற்காலி சாய்ந்துவிட்டது. விழுந்த இடத்திலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. எதிர்வீட்டு அக்காதான் ஆட்டோ பிடித்திருக்கிறார். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள்.

நான் போய்ச் சேர்ந்தபோது பெண் குழந்தை பிறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. கையளவுகூட இல்லை. தங்கச்சி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

"பிச்சு எறிஞ்சிட்டேண்ணே," என்றாள். "விட மாட்டேன்னு புடிச்சிருந்துச்சு. கொஞ்ச முன்னாடியே செஞ்சிருக்கணும்."

மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்குத் திரும்பியபோது வேர்த்துண்டுகள் மரத்தடியில் சிதறிக் கிடந்தன. மழையில் நனைந்து எல்லாம் பச்சையாகவே இருந்தன. மனைவி அவற்றைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனாள்.

குழந்தை பிழைத்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வீரசோழன் பக்கம் இருக்கும் தங்கச்சியின் மாமியார் ஊருக்கு, தாயையும் பிள்ளையையும் அவள் புகுந்த வீட்டார் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பச்சை உடம்பை எங்கள் வீட்டில் வைத்துப் பார்க்க மனைவி வெள்ளைப்பூண்டெல்லாம் வாங்கி வைத்திருந்தாள். மாசியில் வேம்பு செங்கொழுந்து விட்டது. தங்கச்சிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "சரிண்ணே," என்றாள்.

காதுகுத்து அங்கேதான் வைத்தார்கள். தாய்மாமன் மடி வேண்டுமே, என்னை உட்காரவைத்தார்கள். ஆசாரி ஊசியை எடுத்ததும் எல்லோரும் குழந்தையின் காதைப் பார்த்தார்கள். தங்கச்சி குழந்தையைச் சுற்றியிருந்த என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது காது குத்தி முடிப்பதற்குள் குழந்தையை வாங்கக் கையை நீட்டிவிட்டாள்.

"ஒரு தடவ வீட்டுக்குத் தூக்கிட்டு வா தாயி," என்றேன்.

"வாரேண்ணே," என்று சொல்லி, குழந்தையின் முகத்தைத் தன் தோளில் திருப்பிப் போட்டுக்கொண்டாள். இன்னும் வரவில்லை.