இடது ஒன்று, வலது மூன்று

தர்ஷினியின் கால் இறங்கவே இல்லை. மூன்று வாரமாகக் கட்டுப் போடுகிறோம், வீக்கம் குறைவதற்குப் பதிலாகப் பாதம் இன்னும் உப்பிக்கொண்டு வந்தது. எங்கள் பயிற்சி வகுப்பு வைத்தியம் பார்த்த முதல் பிள்ளை அவள். வகுப்பில் எல்லோருக்கும் முகம் தொங்கிப் போயிருந்தது.

ஈப்போவில் நான் ஃபிசியோவாக இருந்த மருத்துவமனையின் பின்கட்டில் ஒரு நீள அறை. பேராக் மாநிலத்தின் பல ஊர்களிலிருந்து வரும் ஃபிசியோக்களுக்கும் நர்சுகளுக்கும் லிம்ஃபெடிமா உள்ள பிள்ளைகளைக் கவனிக்க அங்கேதான் சொல்லிக்கொடுத்தேன். நிணநீர் வடிய வழியில்லாமல் தேங்கி வீங்குவதுதான் லிம்ஃபெடிமா. சில பிள்ளைகளுக்கு அது பிறவியிலேயே வரும். முழுக்கக் குணமாகாது, ஆனால் கட்டுக்குள் வைக்கலாம். துவைத்த பேண்டேஜ்களைக் கல்யாண வீட்டுத் தோரணம் மாதிரி நடைபாதைக் கம்பியில் காயப்போடுவோம். சாயங்காலம் எல்லோருமாக உட்கார்ந்து அதைச் சுருட்டிக்கொண்டே நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் டீ குடிப்போம். ஓய்வு பெற்ற பிறகு நான் தேடுவது அந்தச் சாயங்காலங்களைத்தான்.

ரொட்டி சானாய் கை

தேவன் ஹுத்தான் மெலிந்தாங் ஊர்ப் பையன். ஃபுட்பால் குழுவுக்கு மசாஜ் செய்து பழகிய கை, இரும்பு மாதிரி இருக்கும். லிம்ஃபெடிமாவுக்குத் தோலை மட்டும் மெல்ல நகர்த்தினால் போதும், அழுத்தவே கூடாது.

"தேவா, அது ரொட்டி சானாய் மாவு இல்ல லா. புள்ளையோட காலு."

"இப்படித் தடவுனா வேலை செய்யுமா அக்கா? எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு."

"எறும்பு ஊர்ற மாதிரிதான் இருக்கணும்."

அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது. வகுப்பில் முதலில் கை பழகியதும் அவனுக்குத்தான். அதனால்தான் தர்ஷினியை அவனிடம் ஒப்படைத்தேன்.

யார் போட்ட கட்டு?

தர்ஷினிக்கு எட்டு வயது. புந்தோங்கிலிருந்து அவள் அம்மா செல்வி அழைத்து வருவாள். கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை, கண்ணில் எப்போதும் தூக்கம் இருக்கும். தர்ஷினியின் வலது கால் பிறந்ததிலிருந்தே வீக்கம். ஒருமுறை அதில் கிருமி ஏறிக் காய்ச்சலோடு வார்டில் கிடந்திருக்கிறாள்.

திங்களும் வியாழனும் தேவன் கட்டுவான். இடையில் அவிழ்க்கவே கூடாது. அந்த வியாழக்கிழமை அவன் அவிழ்க்கப் போகும்போது நான் தடுத்தேன். கட்டைப் பார்த்தாலே கட்டியது யார் என்று எனக்குத் தெரிந்துவிடும். பாதத்தில் இறுக்கமாகத் தொடங்கி மேலே போகப் போகத் தளர்த்த வேண்டும். இது தலைகீழாக இருந்தது. பாதத்தில் தொளதொளவென்று, முட்டிக்குக் கீழே இறுக்கமாக. நீர் பாதத்துக்கு இறங்காமல் வேறு எங்கே போகும்?

அது தேவன் கட்டிய கட்டு இல்லை. அவன் கோபத்தோடு செல்வி பக்கம் திரும்பினான். "அவுக்காதீங்கன்னு எத்தன தடவ சொன்னோம் அக்கா? நாங்க இங்க சும்மாவா வேல செய்றோம்?"

பதில் சொன்னது பிள்ளைதான்.

"கட்டு இருந்தா ஸ்கூல் சப்பாத்து நொழையாது, அங்கிள்."

அதற்குப் பிறகுதான் செல்வி வாயைத் திறந்தாள். "இவளுக்கு எடது ஒன்னாம் நம்பரு, வலது மூனாம் நம்பரு. ரெண்டு ஜோடி வாங்கி ஒன்னு ஒன்னா போட்டுடுவேன். கட்டோட அந்த மூனுகூட நொழைய மாட்டேங்குது. சிலிப்பர் போட்டு அனுப்புனா பிள்ளைங்க யானைக்கால்னு கூப்புடுதுங்க. ஸ்கூலுக்கே போவ மாட்டேங்குறா. அதான் காலையில அவுத்துட்டு, மத்தியானம் நானே கட்டுனேன். காலா படிப்பான்னா நான் என்னத்த சொல்றது, மிஸ்ஸி? அடுத்த வாரத்துலேருந்து நாங்க வரல."

நான் பிறந்து வளர்ந்த சிலிம் ரிவர் தோட்டத்திலும் யானைக்கால் என்ற அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறேன். கால் வீங்கிய ஒரு பெண் ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகையில் எல்லோரும் போன பிறகுதான் வாளியைக் கொண்டுவருவார். அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

"திங்கக்கிழம மட்டும் வாங்க செல்வி. அதுக்கப்புறம் ஒங்க இஷ்டம்" என்றேன்.

பாசாருக்குப் போன கால்கள்

மறுநாள் வகுப்பில் எல்லோருடைய வலது காலிலும் கட்டுப் போடவைத்தேன். "அவுக்காம பாசாருக்குப் போயி, கோப்பி குடிச்சிட்டு வாங்க" என்று அனுப்பினேன். சிரித்துக்கொண்டே போனார்கள். ஒரு காலில் சப்பாத்து, ஒரு காலில் சிலிப்பர். போதாததற்கு மழையும் பிடித்துக்கொண்டது.

திரும்பி வந்த தேவன் நனைந்த கட்டோடு உட்கார்ந்தான். கோப்பிக்கடையில் ஒரு பெரியவர், "ஏன் தம்பி, யானைக்காலா?" என்று கேட்டிருக்கிறார்.

"எல்லாரும் காலத்தான் பாக்குறாங்க அக்கா. மூஞ்சிய ஒருத்தரும் பாக்கல."

வழி சொன்னது கோலா கங்சாரிலிருந்து வந்திருந்த நர்ஸ் ஃபரிடா. பள்ளி விடுமுறை வரப்போகிறது, நாள் முழுக்கப் போடும் பெரிய கட்டையெல்லாம் அப்போது வைத்துக்கொள்ளலாமே என்றார். கால் இறங்கியதும் அளவெடுத்து இறுக்கமான ஸ்டாக்கிங் போட்டுவிட்டால் அது சப்பாத்துக்குள் அடங்கிவிடும். விடுமுறை வரும்வரை இரவில் மட்டும் கட்டு. அதைச் செல்வியே சரியாகக் கட்டப் பழக வேண்டும்.

திங்கட்கிழமை செல்வி வந்தாள். தேவன் தன் கால்சட்டையை முட்டிவரை சுருட்டி அவள் முன்னால் காலை நீட்டினான்.

"அன்னிக்கிக் கத்திட்டேன், மனசுல வச்சுக்காதீங்க அக்கா. என் கால்ல கட்டிப் பழகுங்க. இறுக்குனா நான் கத்துறேன்."

செல்வி அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிரித்தாள்.

விடுமுறை முழுக்கத் தினமும் வந்தார்கள். கால் இறங்கியது. இடது காலைப் போல ஆகிவிடவில்லை, ஆகாது என்று செல்வியிடம் முன்பே சொல்லியிருந்தோம். ஆனால் பள்ளி திறந்த அன்று ஸ்டாக்கிங்கோடு கறுப்புச் சப்பாத்துப் போட்டுத் தர்ஷினி பள்ளிக்குப் போனாள். வலது இரண்டாம் நம்பர்.

மாவுச் சாக்கு

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால், ஃபரிடா தன் ஊரிலிருந்து ஹாசிக் என்ற பையனை அனுப்பினார். அவனுக்கு இடது காலில் வீக்கம். வகுப்பை அப்போது தேவன் நடத்திக்கொண்டிருந்தான். வந்த பிள்ளையிடம் அவன் கேட்ட முதல் கேள்வி, "சப்பாத்து என்ன நம்பர்?" என்பதுதான். அளவு நாடாவைப் பிறகுதான் எடுத்தான்.

தேவன் சொல்லித்தான் செல்வி அடுத்த வாரம் ஒரு மாவுச் சாக்கோடு வந்தாள். தரையில் கொட்டினாள். அத்தனையும் புதுச் சப்பாத்து, அத்தனையும் ஒற்றை.

"தர்ஷினிக்கு வாங்குனதுல மிஞ்சுனது, மிஸ்ஸி. புதுசாச்சே, வீச மனசு வரல. யாருக்காவது ஆகும்னு நெனச்சேன்."

அவளும் ஹாசிக்கின் அம்மாவும் தரையில் உட்கார்ந்து, பாதி மலாயும் பாதி சைகையுமாக ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். இளைய ஃபிசியோக்களுக்கு நான் சொல்ல வேண்டியது எல்லாம் அந்தத் தரையில் கிடந்தது. காலைப் பார்க்குமுன் அந்தக் கால் தினமும் எங்கே போக வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள்.

ஹாசிக் எழுந்து நின்றான். இடது மூன்று, வலது ஒன்று. இரண்டும் சரியாக இருந்தன.